விலக்கப்பட்ட வீரனும் நடுவர் கடமையும்

மன்னார்த் தீவிலே உதைபந்தாட்டத்துக்கு உள்ள செல்வாக்கை நேயர்கள் அறிவார்கள். பள்ளிமுனையிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வெயில் சற்றுத் தணிந்தவுடன் சிறுவர்கள் பந்தோடு புறப்பட்டுவிடுகிறார்கள். மணல்வெளி ஒன்று கிடைத்தாற் போதும், அதுவே அவர்களுக்கு மைதானம். கூடைப்பந்தாட்டம் அவ்வளவு எளிதில் அமைவதன்று. அதற்குச் சமனான தளம் வேண்டும். உறுதியாக நட்ட கம்பங்கள் வேண்டும். 10 அடி உயரத்திலே வளையம் வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில், திறந்த வெளியிலே வளையத்தை நோக்கி எறிந்த பந்தைக் காற்றும் தன் பங்குக்குத் தள்ளிப் பார்க்கும். இத்தனைக்கும் நடுவிலே இந்த ஆட்டத்தை விரும்பி ஆடும் மாணவர் எங்கும் உளர்.

அத்தகைய ஒரு தளத்திலே 16 வயதுக்குட்பட்ட மாணவர் ஆடும் ஆட்டம் ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டு வரலாம். நான்காவது காற்பகுதி நடைபெறுகிறது. இரு பக்கத்துக்கும் இரண்டு புள்ளியே வேறுபாடு. பந்தை எறிய எழுந்த எதிரணிச் சிறுவனின் கையை ஒரு பையன் தட்டிவிடுகிறான். நடுவர் விசில் ஊதுகிறார். மேசையில் இருப்பவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார். பையனுக்கு இது ஐந்தாவது தவறு; இனி அவன் ஆட முடியாது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்க அவன் தன் அணியினர் இருக்கும் வாங்கை நோக்கி நடக்கிறான். பாதி வழியிலே திரும்பி, நடுவரைப் பார்த்து ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறான். அது பெரியோரை நோக்கிச் சொல்லத் தகாத சொல். சுற்றி நின்றவர் அனைவரும் அதனைக் கேட்டுவிட்டனர்.

இப்பொழுது நடுவர் செய்யவேண்டுவது யாது? அவனை வெளியே அனுப்பலாம் என்றால், அவன் ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருக்கிறான். தவறொன்றை அவன் பெயரில் எழுதலாம் என்றால், புள்ளித்தாளில் அவன் பெயருக்கு நேரே உள்ள ஐந்து கட்டங்களும் நிரம்பிவிட்டன. கேளாதவர்போல் இருந்துவிடலாமென்றால், எதிரணியினர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மைதானத்தை விட்டவன் செய்யும் குற்றத்தை எவ்வாறு தண்டிப்பது? இளைஞர் ஆட்டங்களை நடத்தும் ஆசிரியர் பலரைத் தடுமாறச் செய்யும் கேள்வி இது.

விடை காணுமுன், இவ்வாட்டம் பிறந்த கதையைச் சிறிது நினைத்துக்கொள்ளுதல் நலம். கனடாவிலே 1861-ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஸ்பிரிங்பீல்ட் நகரத்து வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பாடசாலையிலே பணி செய்தார். 1891-ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் ஓர் அடங்காத வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமையால் அம்மாணவர் சலிப்புற்றிருந்தனர். அவர்களுக்கு முன்னர் பொறுப்பாயிருந்த ஆசிரியர்கள் தோல்வியடைந்திருந்தனர். நெய்ஸ்மித் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைச் சுவரின் மேன்மாடக் கைபிடியிலே மாட்டி, ஓர் உதைபந்தைக் கொடுத்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்தாட்டம் அவ்வாறு தோன்றியது.

அந்த 13 விதிகளில் ஐந்தாவது விதி நம் கேள்விக்கு நெருங்கியது. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், கால் இடறுதல், அடித்தல் ஆகியவற்றை அது தடுத்தது. முதன்முறை செய்தால் அது தவறாக எண்ணப்படும். இரண்டாம் முறை செய்தவன் அடுத்த புள்ளி விழும்வரை வெளியே நிற்கவேண்டும். பிறனைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தவனோ ஆட்டம் முடியும்வரை வெளியேற வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறொருவனைச் சேர்க்கவும் இடமில்லை. ஆகவே, அடங்காத மாணவருக்கென்று ஆக்கப்பட்ட இந்த ஆட்டம், பிறந்த நாளிலேயே வெளியேற்றத்தைத் தன் விதிகளில் சேர்த்துக்கொண்டது. வெளியேறுதலில் இரு வகை உண்டு என்பதையும் அது அன்றே உணர்த்திற்று. எல்லை மீறி விளையாடியவன் ஒரு வகை. கெட்ட எண்ணத்தோடு நடந்தவன் மற்றொரு வகை.

இந்த வேறுபாடே இன்றைய விதிகளுக்கும் அடிப்படை. 1932-ஆம் ஆண்டு ஜெனீவாவில் அமைக்கப்பட்ட பன்னாட்டுக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிகளையே இலங்கையிலும் பின்பற்றுகின்றனர். அவ்விதிகளின்படி தவறுகள் பல வகைப்படும். எதிரணியினனை முறையற்றுத் தொடுதல், இடித்தல், பிடித்தல் ஆகியவை ஆட்டத் தவறுகள். மாணவர் இவற்றைப் ‘பவுல்’ என்றே சொல்வர். தொடுதல் இன்றியே நடத்தையால் செய்யப்படும் தவறும் ஒன்று உண்டு. நடுவரை இகழ்ந்து பேசுதல், எதிரியை ஏளனஞ் செய்தல், வேண்டுமென்றே காலங்கடத்துதல் முதலியன அதில் அடங்கும். மாணவர் பேச்சில் ‘ரெக்னிக்கல் பவுல்’ என வழங்கும் தொழினுட்பத் தவறு இதுவே. பெயரைக் கேட்டு ஏதோ இயந்திர நுட்பம் என்று எண்ண வேண்டியதில்லை. கையும் காலும் செய்யாத குற்றத்தை நாவும் முகமும் செய்தால் அது தொழினுட்பத் தவறாகிறது. அதற்குத் தண்டனையாக எதிரணிக்கு ஒரு ‘பிறீ துரோ’, அஃதாவது யாரும் மறிக்காமல் வளையத்தை நோக்கி எறியும் வாய்ப்பு, கொடுக்கப்படுகிறது.

இனி, வெளியேறுவோர் இரு வகையினர். ஐந்து தவறுகள் நிரம்பியவனை விலக்கப்பட்டவன் எனலாம். அவன் 30 விநாடிகளுக்குள் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறொருவன் வருகிறான். விலக்கப்பட்டவன் ஆட முடியாதே தவிர, அவனுடைய மதிப்பு எதுவும் குறைந்துவிடவில்லை. அவன் தன் அணியினரோடு வாங்கில் அமரலாம். அவர்களுக்கு ஊக்கம் சொல்லலாம். ஊக்கத்தோடு தடுத்து ஆடும் மாணவனுக்கு ஐந்து தவறுகள் நிரம்புவது இயல்பு. அதனை ஒழுக்கக்கேடு என்று கொள்ளுதல் பெரும் பிழை.

இரண்டாம் வகையினன் தகுதி நீக்கப்பட்டவன். ஒரே ஆட்டத்தில் இரண்டு தொழினுட்பத் தவறுகள் செய்தவனும், ஒருவரை அடித்தல் போன்ற கொடிய நடத்தை உடையவனும் இவ்வகையினர். தகுதி நீக்கப்பட்டவன் வாங்கில் அமரக் கூடாது. அவன் தன் அணியின் உடை மாற்றும் அறைக்குச் சென்று அங்கேயே இருத்தல் வேண்டும். விரும்பினால் விளையாட்டிடத்தை விட்டே போகலாம். மேசை அலுவலர் முதல் பார்வையாளர் வரை பலரும் இவ்விருவரையும் ‘அவுட்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதனாலேயே குழப்பம் உண்டாகிறது.

இப்பொழுது முதற் கேள்விக்கு விடை காணலாம். நம் கதையில் வந்த பையன் ஐந்து தவறுகள் நிரம்பியவன், ஆகவே விலக்கப்பட்டவன். அவன் இனி ஆட்டக்காரன் அல்லன். வாங்கில் இருப்போருள் ஒருவன். வாங்கில் இருப்பவர் செய்யும் தொழினுட்பத் தவறு அவர் பெயரில் எழுதப்படுவதில்லை. அது தலைமைப் பயிற்றுநரின் பெயரில் எழுதப்படுகிறது. புள்ளித்தாளில் பயிற்றுநர் பெயருக்கு நேரே, வாங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய ‘பி’ என்பதை இடுகின்றனர். எதிரணிக்கு ஒரு பிறீ துரோ கிடைக்கிறது. அத்தவறு ஓர் அணி அந்தக் காற்பகுதியில் செய்த மொத்தத் தவறுகளோடு சேர்வதில்லை. ஆனால் பயிற்றுநர் கணக்கில் அது நிற்கும். தம் சொந்த நடத்தைக்காக இரண்டு, அல்லது எல்லாமாகச் சேர்ந்து மூன்று தொழினுட்பத் தவறுகள் தம் பெயரில் ஏறுமாயின், பயிற்றுநர் தாமே மைதானத்தை விட்டு வெளியேற நேரிடும்.

பிள்ளை பேசிய சொல்லுக்குப் பயிற்றுநர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. பையன் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை அவன் செயலுக்கு அவனே பொறுப்பாளி. அவன் வாங்குக்குத் திரும்பிய கணத்தில், அவனை அழைத்து வந்த பெரியவரின் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறான். அவனைத் தேற்றுவதும் அடக்குவதும் அவர் கடமை. தோளிலே கை போட்டு அமர்த்தி, ஒரு குவளை தண்ணீர் கொடுக்க வேண்டியவர் அவரே. அந்தக் கடமை தவறும்போதுதான் அச்சொல் நடுவர் காதுக்கு எட்டுகிறது. ஆகவே விதி அவரைக் கணக்குக் கேட்கிறது.

கிழக்கிலங்கையிலே கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியையும், அங்கு மாணவருக்கு இவ்வாட்டத்தைப் பயிற்றிய யூஜின் ஹேபர்ட் அடிகளாரையும் மறவார். 1948-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவியாகிய அவர், 1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட வழியிலே, உடன் சென்ற இளைஞர் ஒருவரோடு காணாமற் போனார். ஓர் ஊரார் தம் பிள்ளைகளின் பயிற்றுநரை இத்தனை ஆண்டுக்குப் பின்னும் நினைக்கின்றனர் என்றால், பயிற்றுநர் என்பவர் பந்தெறியக் கற்பிப்பவர் மட்டும் அல்லர் என்பது விளங்கும்.

இனி இரண்டாவது நிலையைக் கவனிக்கலாம். தகுதி நீக்கப்பட்ட ஒருவன், வெளியேறும் வழியிலே நடுவரை ஏசுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அவனுக்கு மற்றுமொரு தொழினுட்பத் தவறு கொடுக்கலாமா? பலர் ‘ஆம்’ என்றே எண்ணுவர். சம்மேளனத்தின் விளக்கம் ‘இல்லை’ என்கிறது. தகுதி நீக்கப்பட்டவன் ஆட்டக்காரனும் அல்லன், வாங்கில் இருப்பவனும் அல்லன். ஆட்டத்தின் தண்டனைகள் அவனை எட்டும் எல்லையை அவன் கடந்துவிட்டான். அவன் மேலும் செய்த குற்றத்துக்காக எதிரணிக்கு எறியும் இல்லை. பயிற்றுநருக்குக் குறியும் இல்லை. தலைமை நடுவர் நடந்ததை எழுதி, போட்டியை நடத்தும் சபைக்கு அனுப்ப வேண்டும். அவனை அடுத்த ஆட்டத்தில் சேர்ப்பதா, எத்தனை ஆட்டத்துக்குத் தடை விதிப்பது என்பவற்றை அச்சபை தீர்மானிக்கும்.

விதியின் இந்த எல்லை ஆழ்ந்த பொருளுடையது. மைதானத்தில் எஞ்சி ஆடுவோர் பதின்மர். அவர்களுடைய ஆட்டத்தை, வெளியேறிவிட்ட ஒருவனுடைய கோபம் தீர்மானிக்கலாகாது. அவன் வாய் ஓயும்வரை நடுவர் எறிமேல் எறியாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், ஒன்றும் அறியாத நான்கு பையன்களும், அவனுக்குப் பதிலாக இறங்கிய ஐந்தாமவனும் தோற்றுப்போவர். மேலும், கோபம் தலைக்கேறிய சிறுவனைத் தொடர்ந்து தண்டித்துக்கொண்டே போவது எரியும் அடுப்பில் விறகு தள்ளுவதாகும். ஆகவே விதி அவன் வழக்கை மைதானத்திலிருந்து எடுத்து, மறுநாட் காலையிலே, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆறுதலாக விசாரிக்கக்கூடியவர் கையிலே கொடுக்கிறது.

எல்லா நாட்டிலும் இவ்விதி ஒன்றாயில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பாடசாலை ஆட்டங்களிலே, மாணவன் தகுதி இழந்தாலும் பெரியவர் கண்காணிப்பின்றி அவனை வெளியே விடுவதில்லை. பொறுப்பாளர் ஒருவர் உடன் செல்லாவிட்டால் அவன் வாங்கிலேயே இருக்க வேண்டும். அங்கே இருந்து அவன் மீண்டும் தவறு செய்தால், அது அவன் பெயரிலும் எழுதப்படுகிறது. மறைமுகமாகப் பயிற்றுநரையும் சேர்கிறது. வழி வேறாயினும் கருத்து ஒன்றே. தண்டிக்கப்பட்ட பிள்ளையும் பிள்ளையே. அவனுக்கு ஒரு பெரியவர் பொறுப்பாயிருத்தல் வேண்டும்.

வெளியேற்றப்பட்டவன் வெளியேற மறுத்தால் என்ன நேரும் என்பதற்கு உதைபந்தாட்ட வரலாற்றிலே இரண்டு பெரிய சான்றுகள் உள்ளன. மன்னார் நேயர்கள் அவற்றை ஆர்வத்தோடு கேட்பர். 1962-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், உலகக் கிண்ணப் போட்டியிலே சிலியும் இத்தாலியும் சந்தியாகோ நகரில் மோதின. நடுவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே இத்தாலிய வீரர் ஃபெரினியை அவர் வெளியேற்றினார். ஃபெரினி போக மறுத்தார். இறுதியிலே காவலர் வந்து அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. அதன்பின் அவ்வாட்டம் ஆட்டமாயில்லை. ‘சந்தியாகோப் போர்’ என்றே அதற்குப் பெயராயிற்று.

நான்கு ஆண்டு கழித்து, 1966-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜென்றீனாவும் ஆடின. ஆர்ஜென்றீனத் தலைவர் ராட்டினை ஜெர்மானிய நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தாம் எதற்காக வெளியேற்றப்படுகிறார் என்று ராட்டினுக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தருமாறு அவர் கேட்டு நின்றார். ஆட்டம் பல நிமிடங்கள் நின்றுபோயிற்று. அப்போட்டியிலே நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் அதே கென் ஆஸ்டன். மைதானத்தினின்று தம் காரில் திரும்புகையில், தெருச் சந்தியிலே போக்குவரத்து விளக்கு மஞ்சளாகிப் பின் சிவப்பாவதை அவர் கண்டார். எந்த மொழியினருக்கும் விளங்கும் அடையாளம் அதுவே என்று அவருக்குத் தோன்றிற்று. 1970-ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வழக்கத்துக்கு வந்தன. ஆஸ்டன் தொழிலால் பாடசாலைத் தலைமையாசிரியர் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

இந்நிகழ்ச்சி இலங்கை மாணவருக்கும் பொருந்தும். வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் தமிழ் பேசும் நடுவரிடம் ஆடிய பிள்ளைகள், அகில இலங்கைப் போட்டிக்குச் செல்லும்போது சிங்களம் பேசும் நடுவரைச் சந்திக்கின்றனர். அவர் சொல்வது பிள்ளைக்கு விளங்காது. பிள்ளை முணுமுணுப்பது அவருக்கு விளங்காது. விளங்காத சொல்லை வசைச் சொல்லாக எண்ணுவது மனித இயல்பு. அதனாலேதான் கூடைப்பந்தாட்டத்தில் கைச்சைகைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இரு உள்ளங்கைகளையும் ஆங்கில ‘ரி’ எழுத்துப்போல் வைத்தால் தொழினுட்பத் தவறு. இரு கைகளையும் முட்டியாகப் பிடித்து உயர்த்தினால் தகுதி நீக்கம். இச்சைகைகளைப் பயிற்றுநர் ஆட்டப் பயிற்சியோடு சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடல் வேண்டும்.

சரியான விதியை அறிந்திருப்பது பாதி வேலை. அதனை ஒரு சிறுவன் மீது செலுத்தும் முறை மற்றப் பாதி. ஐந்தாவது தவறு என்று தெரிந்தவுடன் நடுவர் முதலில் மேசையோடு சரிபார்த்தல் வேண்டும். தவறிக் குறித்த ஒரு கோட்டினால் ஒரு பையன் வெளியேறினால், அது பெரும் அநீதியாகும். அடுத்து, செய்தியைப் பையனுக்கும் பயிற்றுநருக்கும் அமைதியான குரலில் அறிவித்தல் வேண்டும். அதன்பின் நடுவர் அவ்விடத்தை விட்டுச் சற்று விலகிப் போய்விடுதல் நன்று. பையன் பின்னாலே நடந்து செல்வதும், முகத்துக்கு நேரே நின்று விரல் நீட்டுவதும் அவன் வாயிலிருந்து சொல்லை வலிந்து வரவழைக்கும் செயல்களாகும். உடன் நடுவர் வாங்கைக் கவனித்துக்கொள்வார்.

கேட்ட ஒவ்வோர் ஒலியும் குற்றமாகாது. துவாயை முகத்திலே போட்டுக்கொண்டு அழும் பையனும், ‘சே’ என்று தன் தொடையில் அடித்துக்கொள்பவனும் நடுவரை இகழவில்லை; தங்கள் துயரத்தை வெளியிடுகின்றனர். அதனைக் காணாதிருப்பதே பெருந்தன்மை. ஆனால் நடுவரையோ எதிரணியினனையோ நோக்கிச் சொன்ன இழிசொல், அச்சுறுத்தல், எறிந்த பொருள் ஆகியவற்றைக் காணாதிருத்தல் பெருந்தன்மையன்று, கடமை தவறுதலாகும். அங்கே ஒருமுறை விசில் ஊதி, சைகை காட்டி, எவர் பெயரில் எழுதப்படுகிறது என்பதைப் பயிற்றுநருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லி, ஆட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். நீண்ட விளக்கம் நீண்ட வாக்குவாதத்தையே அழைக்கும்.

விலக்கப்பட்டவன் வாங்கிலிருந்து கொண்டு பெருங்குற்றம் ஒன்றைச் செய்தால், நடுவர் அவனைத் தகுதி நீக்கம் செய்யலாம். அப்பொழுது அவன் முதல் வகையை விட்டு இரண்டாம் வகைக்கு வந்துவிடுகிறான். இங்கேதான் மன்னார் போன்ற இடங்களுக்கே உரிய ஒரு சங்கடம் எழுகிறது. உடை மாற்றும் அறைக்குப் போ என்கிறது விதி. திறந்த வெளியிலே, பாடசாலை மதிலோரத்தில் அமைந்த தளத்துக்கு உடை மாற்றும் அறை ஏது? விளையாட்டிடத்தை விட்டுப் போகலாம் என்கிறது விதி. பேசாலையிலிருந்தோ வங்காலையிலிருந்தோ பேருந்தில் வந்த 15 வயதுப் பையனைத் தனியே படலைக்கு வெளியே அனுப்புவது முறையாகுமா? வெளியே எதிரணியின் ஆதரவாளர் நின்றால் நிலைமை இன்னும் கெடும்.

இதற்கு வழி, ஆட்டம் தொடங்குமுன்பே இரண்டு காரியங்களை ஒழுங்கு செய்துகொள்வதாகும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வகுப்பறையை ஒதுக்கி, அதுவே உடை மாற்றும் அறை என்று இரு பயிற்றுநருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பாடசாலையும் பயிற்றுநரைத் தவிர மற்றுமொரு ஆசிரியரை அனுப்ப வேண்டும். தகுதி நீக்கப்பட்ட பிள்ளையோடு அவர் சென்று, ஆட்டம் முடியும்வரை உடனிருப்பார். இவ்விரண்டுக்கும் பணச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் இவை இல்லாதபோது, பல ஆட்டங்கள் ஒரு பையன் எங்கே போவது என்ற கேள்வியிலேயே குழம்பி நின்றுவிடும்.

மற்றுமொரு சங்கடம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய தீவு அது என்பது. இன்று விசில் ஊதும் ஆசிரியர் நாளை அந்தப் பையனின் தந்தையை மீன் சந்தையிலே சந்திப்பார். கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இடம் அது. 1990-ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் தம் ஊர்களினின்று வெளியேற்றப்பட்டனர். 2009-ஆம் ஆண்டு போர் முடிந்தபின் பலர் திரும்பி வந்தனர். அந்த இடைவெளியைக் கடந்து பிள்ளைகள் ஒருவரோடொருவர் கலந்து பழகும் இடங்களில் விளையாட்டு மைதானமும் ஒன்று. அங்கே ஒரு பையன் கோபத்தில் சொன்ன சொல்லை, ஓர் ஊர் மற்றோர் ஊருக்குச் சொன்ன சொல்லாக மாறவிடலாகாது. அது ஒரு பையனின் தவறு, விதிப்படி அதற்கு ஒரு பிறீ துரோ, அவ்வளவே. குற்றத்தை அதன் அளவிலேயே நிறுத்தி வைப்பது நடுவரின் தலையாய பணி.

அறிந்தவர் பிள்ளையென்று இளகுவதும், பக்கச்சார்பு என்பார்களே என அஞ்சி வேண்டுமென்றே கடுமை காட்டுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். நடுவர் என்னும் பெயரே நடுவில் நிற்பதைக் குறிக்கிறது. திருவள்ளுவர் நடுவு நிலைமை என்று ஒரு தனி அதிகாரம் வகுத்தது அரசவைக்கு மட்டும் அன்று.

இறுதியாக, அறிக்கை எழுதுதலைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். ஆட்டம் முடிந்து புள்ளித்தாளில் தலைமை நடுவர் கையெழுத்திடும்வரை நிகழும் முறைகேடுகளையும் அவர் அதிலே குறித்தல் வேண்டும். அறிக்கையில் இருக்க வேண்டியவை சில. எந்தக் காற்பகுதி, எத்தனையாவது நிமிடம், எந்த இலக்கச் சட்டை அணிந்தவன், என்ன செய்தான், எந்தச் சொல்லைச் சொன்னான், அப்போது அவன் விலக்கப்பட்டவனா, தகுதி நீக்கப்பட்டவனா, நடுவர் என்ன தீர்ப்புக் கொடுத்தார் என்பவையே அவை. ‘திமிர் பிடித்தவன்’, ‘வளர்ப்புச் சரியில்லை’ என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. பிறகு அவன் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதனையும் எழுதுதல் நியாயம். அந்தத் தாளைப் படிப்பவர் பையனை ஒருமுறையேனும் கண்டிராதவர். எழுதியவரின் கோபம் அதிலே கலந்திருந்தால், ஒரு நிமிட ஆத்திரத்துக்கு ஓராண்டுத் தடை விழவுங்கூடும். 16 வயதில் ஓராண்டு ஆடாதிருந்தவன் பெரும்பாலும் மீண்டும் பந்தைத் தொடுவதில்லை.

முதலிற் பார்த்த ஆட்டத்துக்குத் திரும்பலாம். நடுவர் விசில் ஊதுகிறார். சைகை காட்டுகிறார். பயிற்றுநரிடம், “பையன் விலக்கப்பட்டவன், சேர், இந்தத் தவறு உங்கள் பெயரில் வருகிறது” என்று மட்டும் சொல்கிறார். எதிரணிச் சிறுவன் ஓர் எறி எறிகிறான். ஆட்டம் மீண்டும் நடக்கிறது. பயிற்றுநர் பையனைத் தம் அருகில் இருத்திக்கொள்கிறார். தன் சொல்லுக்காகத் தன் ஆசிரியர் பெயரில் ஒரு குறி விழுந்ததை அவன் அங்கிருந்தே காண்கிறான். அதைவிடப் பெரிய பாடம் ஒன்றை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்தபின் அவன் நடுவரிடம் வந்து கைகொடுத்தால், அவர் அந்தக் கையைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். அடுத்த வாரம் அதே தளத்தில், அதே வளையத்தின் கீழ், ஒரு தவறும் இல்லாத புதிய புள்ளித்தாளோடு அவன் ஆட இறங்குவான்.